வீட்டில் புலி, மேஜையில் பசு

நார்த்தங்காய் ஊறுகாய் பற்றிப் போன இதழில் எழுதியதற்கு வந்திருக்கும் கடிதங்களுக்கு அடுத்த முறை பதில் சொல்கிறேன். ஜாடியின் மேல் வெள்ளையாகப் பூத்துவிட்டது என்று வருத்தப்பட்டிருக்கும் சகோதரிக்கு மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: உப்பு போதவில்லை, வேறொன்றுமில்லை. இந்த முறை என் பெண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் என் மானம் போகிற சமாசாரமும் ஒன்று இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். எழுதிவிட்டு, அவளிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

பதினோராம் வகுப்பு படிக்கிறாள். கெட்டிக்காரிதான். ஆனால் ஃபோன், கம்ப்யூட்டர் விஷயத்தில் எங்கள் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம், அவள் போடுவதுதான் சத்தம். என் மாமியாருக்கு எழுபத்து நாலு வயது. "எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஆயிடுச்சு, கொஞ்சம் பாரேன்" என்று ஃபோனை நீட்டினால் போதும். "பாட்டி! போன வாரம்தானே சொன்னேன்!" என்று பிடுங்கி, கட்டைவிரலால் நாலு தட்டு தட்டி, "இந்தா" என்று திருப்பிக் கொடுப்பாள். என்ன செய்தாள் என்று பாட்டிக்கும் தெரியாது, பக்கத்தில் நின்ற எனக்கும் தெரியாது. அடுத்த வாரம் மறுபடியும் எறும்பு.

நான் கேட்டால் இன்னும் மோசம். "அம்மா, உனக்குச் சொல்லிப் புரிய வெக்கறதுக்குள்ள என் பரீட்சையே முடிஞ்சிடும்." இதைக் கேட்டு என் கணவர் வேறு சிரிப்பார். நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். வேறென்ன செய்வது? உங்கள் வீட்டிலும் இப்படித்தானே?

இப்படிப்பட்டவளைப் பள்ளியில் உதவி மேஜைக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று வந்து சொன்னபோது, "உன்னையா?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை.

உதவி மேஜை என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியதும், பாடம் பாதி கல்வித் தொலைக்காட்சியிலும் பாதி வாட்ஸ்அப்பிலுமாக வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். 2021 செப்டம்பரில் பெரிய வகுப்புகளுக்குக் கதவு திறந்தபோது பிள்ளைகள் மட்டும் திரும்பி வரவில்லை. அவர்களோடு ஆன்லைன் படிவம், பாஸ்வேர்டு, காணொளி என்று ஏகப்பட்டது பள்ளிக்குள் வந்துவிட்டது. இவள் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர் ஒரே ஒருவர். பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஓர் ஆசிரியை வந்து நிற்பாராம்: "மிஸ், ஒரு நிமிஷம், படம் வரல." அவர் போவதற்குள் அடுத்தவர். பார்த்தார் அந்த டீச்சர். தையல் வகுப்பில் சும்மா கிடந்த ஒரு பழைய மேஜையை எடுத்துக் கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் போட்டார். மேல்பலகையில் கத்தரி வெட்டின தழும்பு இன்னும் இருக்கிறது. எட்டுப் பெண்களைப் பொறுக்கி எடுத்தார். மதிய இடைவேளையில் முறை போட்டுக்கொண்டு இரண்டு இரண்டு பேராக உட்கார வேண்டும். சம்பளம் கிடையாது, மதிப்பெண் கிடையாது. மாதத்தின் கடைசி சனிக்கிழமை காலையில் பெற்றோருக்காகவும் மேஜை உண்டு.

என்னென்ன வரும் தெரியுமா? ப்ரொஜெக்டரில் படம் வராது, கம்பி தளர்ந்திருக்கும். கம்பி சரியாக இருந்தால், ப்ரொஜெக்டர் வேறொரு துளையைப் பார்த்துக்கொண்டு அங்கிருந்து படம் வரும் என்று காத்துக்கொண்டிருக்கும். பாஸ்வேர்டு தப்பு என்று வரும். பெரிய எழுத்துக்கான கேப்ஸ் லாக் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஃபோனில் இடமில்லை என்று வரும். திறந்து பார்த்தால் ரோஜாப்பூவும் விளக்கும் போட்ட காலை வணக்கங்கள் ஆயிரக்கணக்கில். 2011-ல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் அக்காவுக்குக் கிடைத்த பழைய கணினியைத் தங்கை தூக்கிக்கொண்டு வருவாள். மின்கலம் செத்துப்போயிருக்கும், கம்பியில் செருகினால் மட்டும் உயிர் வரும்.

எதற்கும் முதல் மருந்து ஒன்றுதான்: அணைத்துவிட்டு மறுபடி போடுவது. நம் வீட்டில் வயிறு சரியில்லை என்றால் முதலில் சுக்குக் கஷாயம் கொடுப்பதில்லையா, அதுபோல. இது ஏன் பலிக்கிறது என்று கேட்டேன். "சமையல் மேடை மாதிரிம்மா. பத்துப் பாத்திரத்தை எடுத்து எடுத்து வெச்சிட்டே இருந்தா கடைசியில தோசைக்கல் வெக்க இடமிருக்காதுல்ல? அணைச்சுப் போட்டா மேடை காலி." இவ்வளவு அழகாகச் சொல்லத் தெரிந்தவள் வீட்டில் ஏன் கத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சம்பவம் பள்ளி முழுவதும் பிரசித்தம். ஆண்டுவிழா அழைப்பிதழை வெளியில் ஒருவர் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார். திறந்தால் ஒரு வரி தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் கொட்டிக் கிடந்தது. வைரஸ் வந்துவிட்டது என்று அலுவலகத்தில் ஒரே களேபரம். ஒன்பதாம் வகுப்புக் குட்டி ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "வைரஸ் இல்ல மிஸ், பாமினி" என்றாளாம். விஷயம் இதுதான். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ்ச் சட்டை கழன்று விழுந்து உள்ளே இருக்கும் ஆங்கிலம் தெரிந்துவிடும். 'அம்மா' என்று அடித்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். யூனிகோடில் அந்தச் சங்கடம் இல்லை. தமிழுக்கென்று சொந்தமாக எண்கள் உண்டு, எங்கே திறந்தாலும் தமிழ் தமிழாகவே இருக்கும். பத்து நிமிஷத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டாள் அந்தக் குட்டி. வைரஸ் என்று கத்தியவர் அன்றைக்கு அவளுக்கு ஒரு பொட்டலம் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தாராம்.

ஆனால் நான் சொல்ல வந்தது இந்தக் கெட்டிக்காரத்தனத்தை அல்ல. அந்த டீச்சர் வைத்திருக்கும் சட்டங்களைப் பற்றி. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி மேஜைக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. வருகிறவர்கள் பார்ப்பதற்கில்லை, உட்காருகிற பெண்கள் பார்ப்பதற்கு.

முதல் சட்டம்: கையைப் பின்னால் கட்டிக்கொள். யார் வந்தாலும் அவர்களுடைய ஃபோனையோ மௌஸையோ தொடக் கூடாது. வாயால்தான் சொல்ல வேண்டும், அவர்கள் கையால்தான் செய்ய வேண்டும். எத்தனை நேரமானாலும் சரி. "கோலம் சொல்லித் தரும்போது மாவை நீயே பிடுங்கிப் போட்டா வாசல்ல கோலம் வந்துடும், பெண்ணுக்குக் கோலம் வராது" என்பாராம் டீச்சர். பாஸ்வேர்டு அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். தாழ்வாரத்துக்கு எதிரே புங்கமரம் இருக்கிறது, அதைப் பார்க்கலாம். (இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் இருபது அடி தள்ளியிருப்பதை இருபது விநாடி பார்ப்பது திரையைப் பார்க்கிற கண்ணுக்கு ஓய்வு என்று கண் மருத்துவர்கள் சொல்வதும் இதிலேயே சரியாகிவிடுகிறது.) தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி டீச்சரைக் கூப்பிட வேண்டும். சிரிக்கக் கூடாது, சிரிப்பு வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும். நோட்டில் வந்தவர் பெயர் எழுதக் கூடாது. வரிசை எண், கோளாறு, செய்தது, அவ்வளவுதான். மேஜையில் கேட்டதை மேஜையிலேயே விட்டுவிட வேண்டும்.

இன்னொன்று இருக்கிறது. "இது ரொம்ப ஈஸி" என்று சொல்லக் கூடாது. இது எதற்கு என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. தைரியம் சொல்கிற மாதிரிதானே இருக்கிறது? என் பெண்தான் விளக்கினாள். "ஈஸின்னு சொல்லிட்டா, அப்புறம் அவங்களுக்கு வரலைன்னா, ஈஸியானதே நமக்கு வரலையேன்னு ஆயிடும்மா. அதுக்கப்புறம் கேக்கவே மாட்டாங்க."

இதை அவள் பட்டுத்தான் கற்றுக்கொண்டாள். சேர்ந்த முதல் வாரம் தமிழம்மா ஒருவர் வந்திருக்கிறார். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறவர். மௌஸைத் திரையை நோக்கித் தூக்கி, டார்ச் விளக்குப் பிடிக்கிற மாதிரி பிடித்தாராம். இவள் களுக்கென்று சிரித்துவிட்டாள். அந்தம்மா ஒன்றும் சொல்லவில்லை. "அப்புறம் வரேன்மா" என்று எழுந்து போய்விட்டார். அதன்பின் மேஜைப் பக்கமே வரவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு மாலை, விட்டுப்போன டிபன் பாக்ஸை எடுக்க ஆறு மணிக்குத் திரும்பிப் போனவள், ஆசிரியர் அறையில் அவர் தனியாக உட்கார்ந்து, மற்றவர்கள் கணினியில் போட்டுவிட்டுப் போன மதிப்பெண் பட்டியலைக் கையால் எழுதிக் கூட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாளாம். எல்லாரும் போனபிறகு எழுதினால் யாருக்கும் தெரியாது என்று அத்தனை நாளும் அப்படித்தான் செய்திருக்கிறார். இவள் போய்க் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டு, மறுநாளிலிருந்து ஒரு வாரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள். இதை ஒருநாள் ராத்திரி துணி மடிக்கும்போது என்னிடம் சொன்னாள். கண் கலங்கியிருந்தது. நான்கூட, 'பரவாயில்லை, பெண் திருந்திவிட்டாள்' என்று சந்தோஷப்பட்டேன். மறுநாள் காலை, "பாட்டி, எத்தனை தடவை சொல்றது!" என்று கேட்டது. திருந்தியதெல்லாம் மேஜையில்தான் போலிருக்கிறது.

இப்போது என் சமாசாரத்துக்கு வருகிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஏழு மணி இருக்கும். குக்கர் இரண்டாவது விசில். ஃபோனில் ஒரு செய்தி வந்தது. போன மாத மின்கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு ஒன்பதரைக்கு இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணில் அதிகாரியைக் கூப்பிடுங்கள் என்று. இந்த மோசடி 2022-லேயே ஊரெல்லாம் நடந்தது; நானே பேப்பரில் படித்து உச்சுக்கொட்டியிருக்கிறேன். ஆனால் படிப்பது வேறு, நம் கையில் வருவது வேறு. என் மாமியாருக்கு ராத்திரியில் மூச்சு வாங்கும், நெபுலைசர் வைக்க வேண்டும். கரண்ட் இல்லாவிட்டால் என்ன செய்வது? எனக்கு அது ஒன்றுதான் கண்ணில் தெரிந்தது. கட்டணம் கட்டுகிறவர் என் கணவர். கூப்பிட்டேன், பஸ்ஸில் இருந்திருப்பார், எடுக்கவில்லை. செய்தியில் எங்கள் இணைப்பு எண்கூட இல்லை என்பதை இப்போது சொல்கிறேன், அப்போது கவனிக்கவில்லை.

அந்த எண்ணைக் கூப்பிட்டேன். என்ன மரியாதை! வார்த்தைக்கு வார்த்தை மேடம். "பயப்படாதீங்க மேடம், பத்து ரூபாய் கட்டிப் பதிவைப் புதுப்பிச்சா போதும்" என்று, ஓர் ஆப்பை இறக்கச் சொன்னார். இறக்கினேன். அதில் வந்த எண்களைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். 'அனுமதி' என்று வந்ததை அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். பத்து ரூபாய்தானே என்று பணம் அனுப்புகிற இடத்தைத் திறந்து, ரகசிய எண்ணை அடிக்க விரலைக் கொண்டு போனேன்.

கரண்ட் போய்விட்டது.

சிரிக்காதீர்கள். எனக்கு உதறல் எடுத்தது. ஒன்பதரை என்று சொல்லிவிட்டு ஏழேகாலுக்கே பிடுங்கிவிட்டாரே என்று! ஃபோன் சார்ஜரில் கிடந்தது, இரண்டு சதவிகிதம்தான் ஏறியிருந்தது, அதுவும் செத்தது. இருட்டில் நிற்கிறேன். எதிர்வீட்டுப் பெண் குரல் கொடுத்தாள்: "தெரு பூரா இல்லக்கா, ட்ரான்ஸ்ஃபார்மர்ல ஏதோ வெடிச்சுடுச்சு." எத்தனையோ தடவை மின்வெட்டைத் திட்டியிருக்கிறேன். அன்று அது என்னைக் காப்பாற்றியது.

அரைமணியில் கரண்டும் வந்தது, கணவரும் வந்தார். "கரண்ட் பில் கட்டியாச்சா?" என்றேன். "போன வாரமே கட்டிட்டேனே, ஏன்?" என்றார். "சும்மாத்தான்" என்றேன்.

அந்தச் 'சும்மாத்தான்' நாலு நாள் என் தொண்டையிலேயே இருந்தது. மறுநாள் ஃபோனைப் போட்டால் அதே எண்ணிலிருந்து ஆறு அழைப்புகள். பயந்துபோய் அணைத்து, அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். "பேட்டரி போயிடுச்சு" என்று எல்லாரிடமும் பொய். அந்தக் கணக்கில் மாமியாரின் வைத்தியத்துக்கென்று சேர்த்த நாற்பத்திரண்டாயிரம் இருக்கிறது. இருக்கிறதா, போய்விட்டதா? பார்க்க பயம். வங்கிக்குப் போகலாமென்றால் காஷியர் இவருடைய சிநேகிதர், சாயங்காலமே செய்தி வந்துவிடும். வீட்டில் கேட்க ஆள் இல்லையா? இருக்கிறாள். கேட்டால் என்ன சொல்வாள் என்று எனக்கு அட்சரம் பிசகாமல் தெரியும். அதைக் கேட்டு இவர் சிரிப்பார். வழக்கம்போல் நானும் சேர்ந்து சிரிக்க வேண்டும். இந்தத் தடவை என்னால் முடியாது.

அப்போதுதான் கடைசி சனிக்கிழமை ஞாபகம் வந்தது. அன்று என் பெண்ணுக்கு முறை இல்லை, கெமிஸ்ட்ரி டியூஷன். அவள் கிளம்பியதும் அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஃபோனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நானும் கிளம்பினேன்.

தாழ்வாரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர். எனக்கு முன்னால் கைக்குழந்தையோடு ஒரு சின்னப் பெண். குழந்தை சிணுங்கும்போதெல்லாம் ஃபோனில் பாட்டுப் படம் காட்டினாள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் நாலு வயதுவரை நாளுக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள். சொல்லலாமா என்று வாயெடுத்தேன். என் பையில் இருக்கும் ஃபோன் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன். மேஜைக்காரப் பெண் ஒருத்தி எழுந்து வந்து, ஒன்றுமே சொல்லாமல், சாக்பீஸ் பெட்டிக்குள் நாலு சாக்பீஸைப் போட்டுக் குலுக்கிக் குழந்தை கையில் கொடுத்தாள். அதோடு பாட்டுப் படம் நின்றது.

என் முறை வந்தது. நிமிர்ந்து பார்த்தால் மேஜைக்குப் பின்னால் என் பெண்!

முறைக்காரப் பெண்ணுக்குக் காய்ச்சலாம். டியூஷனுக்குப் போகிற வழியில் கூப்பிட்டிருக்கிறார்கள். எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன், பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள். அவளும் ஒரு விநாடி திகைத்தாள். பிறகு சொன்னாள்:

"வாங்கம்மா, உட்காருங்க."

பெற்று வளர்த்த பதினாறு வருஷத்தில் என்னை அவள் 'வாங்க' என்றது அன்றுதான். உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன நடந்ததுன்னு முதல்ல இருந்து சொல்லுங்க. அவசரமே இல்ல."

சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்காத குரலில், குக்கர் விசிலிலிருந்து அரிசி டப்பா வரை எல்லாம். அவள் சிரிக்கவில்லை. 'எத்தனை தடவை' என்று ஆரம்பிக்கவில்லை. ஆப் என்றதும் மட்டும் அவள் வலதுகை முன்னால் வந்தது. வந்து, பாதியில் நின்று, பின்னால் போய்விட்டது. நாற்காலிக்குப் பின்னால் விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஃபோனைப் போட்டதும் மேலிருந்து கீழே விரலால இழுங்க. ஏரோப்ளேன் படம் தெரியுதா? அதைத் தொடுங்க. இப்ப வெளியிலேர்ந்து யாரும் இதைப் பார்க்க முடியாது." தொட்டேன். நாலு நாளாக மாரில் இருந்த கல் பாதி இறங்கியது. "அந்த ஆப் மேல விரலை வெச்சு அழுத்திப் பிடிச்சுக்கோங்க. அன்இன்ஸ்டால்னு வருதா?" முதல் தடவை விரல் வழுக்கிப் படம் வேறெங்கோ போய்விட்டது. "பரவாயில்ல, இன்னொரு தரம்." இரண்டாவது தடவையும் வழுக்கியது. "நிறையப் பேருக்கு வழுக்கும்மா." மூன்றாவதில் ஒழிந்தது அந்தச் சனியன். அதன் பிறகு அமைப்புகளுக்குள் போய், அணுகல் வசதி என்ற இடத்தில் வேறு ஏதாவது தெரியாத ஆப்புக்கு அனுமதி இருக்கிறதா என்றும் என்னையே பார்க்கச் சொன்னாள்.

"இதுக்கு மேல எனக்குத் தெரியாது, டீச்சரைக் கூப்பிடறேன்" என்று எழுந்தாள். டீச்சர் தன் ஃபோனைக் கொடுத்து, என் ஏடிஎம் அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும் வங்கி எண்ணுக்கு என்னையே பேசச் சொன்னார். அட்டையையும் ஃபோன் வழிப் பணம் அனுப்புவதையும் நிறுத்திவைக்கச் சொன்னேன். மீதி எவ்வளவு என்று கேட்கும்போது குரல் வரவில்லை. நாற்பத்திரண்டாயிரத்துச் சொச்சம், ஒரு பைசா குறையாமல் இருந்தது.

போயிருந்தால் என்ன செய்திருக்க வேண்டும் என்றும் டீச்சர் சொன்னார். உங்களுக்கும் உதவும். உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும்; சைபர் குற்றங்களுக்கென்றே இருக்கும் எண். திருடின பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்று, அங்கிருந்து மற்றொன்று என்று ஓடிக்கொண்டே இருக்குமாம். சீக்கிரம் சொன்னால் நடுவழியில் எங்காவது நிறுத்திப் பிடிக்க முடியும். வங்கிக்கும் உடனே சொல்ல வேண்டும். நம் கவனக்குறைவால் போனதென்றாலும், நாம் தகவல் கொடுத்த பிறகு போகிற பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் உத்தரவே போட்டது. ரகசிய எண் என்பது பணம் அனுப்புவதற்கு, வாங்குவதற்கு அல்ல. பணம் தருகிறேன் என்று சொல்லி அந்த எண்ணை அடிக்கச் சொன்னால் அவன் திருடன். "நாலு நாள் யார்கிட்டயும் சொல்லாம இருந்திருக்கீங்களே, அதுதான் அவங்களுக்கு வேணும்" என்றார் டீச்சர். கோபமாகச் சொல்லவில்லை. என் பெண் புங்கமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நோட்டை எடுத்து எழுதினாள். எட்டிப் பார்த்தேன். எண் 214. தெரியாத ஆப். நீக்கப்பட்டது. வங்கிக்குத் தகவல். பணம் போகவில்லை. பெயர் இல்லை, 'அம்மா' என்றும் இல்லை.

"வேற ஏதாவது சந்தேகம் இருக்காம்மா?"

விடுவேனா? "இந்த எழுத்தைப் பெரிசாக்கறது எப்படின்னு சொல்லித் தர்றியா... தர்றீங்களா?" என்றேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து சொல்லித் தந்தாள். அன்று சாயங்காலம் என் மாமியாருக்கு நான் சொல்லித் தந்தேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. முக்கால் மணி நேரம் ஆயிற்று. நடுவில் இரண்டு தரம் பிடுங்கிவிடலாம் என்று தோன்றியது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எறும்பு அதோடு போயிற்று.

இருட்டுகிற நேரத்தில் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். பெண் வந்து கதவில் சாய்ந்து நின்றாள். பழையபடி 'நீ'க்கு வந்துவிட்டாள்.

"செவ்வாய்க்கிழமையில இருந்து நீ தூங்கவே இல்லையாம்மா?"

"இல்லை" என்றேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

நான் பதில் சொல்லவில்லை. கிரைண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே மெதுவாக, "தமிழம்மா மாதிரி" என்றாள். இந்த இடத்தில்தான் அவள் என் கையெழுத்துப் பிரதியில் ஒரு திருத்தம் செய்தாள். 'அழுதாள்' என்று எழுதியிருந்தேன், அடித்துவிட்டாள். அப்படியே இருக்கட்டும்.

சாப்பிட உட்கார்ந்தபோது என் கணவர் ஆரம்பித்தார். "இன்னிக்குக் காலையில உன்னைப் பள்ளிக்கூடத்து வாசல்ல பார்த்ததா மளிகைக்கடைக்காரர் சொன்னாரே, என்ன விசேஷம்?"

நான் பெண்ணைப் பார்த்தேன். அவள் ரசத்தைப் பார்த்துக்கொண்டே, "மேஜைக்கு வந்தவங்களைப் பத்தி வெளியில சொல்றதில்லப்பா" என்றாள்.

வேறு வழியில்லை, நானே சொன்னேன். முதலிலிருந்து கடைசி வரை, ட்ரான்ஸ்ஃபார்மர் உட்பட. சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே வெகுநேரம் பேசாமலிருந்தார். பிறகு யாரையும் பார்க்காமல் கேட்டார்:

"அந்த மேஜை... சனிக்கிழமை எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?"